பால் தந்தவர் என்ன முறை?

உறவினர் என்றால் யார் என்று அரசாங்கத்திடம் கேட்டால், எந்தத் தேவைக்கு என்று அது திருப்பிக் கேட்கும். இதை நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மட்டக்களப்புக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலும் வெளியூர்க் கந்தோர்களிலும் ஏறக்குறைய எல்லாப் பிரிவு மேசைகளிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இறப்புப் பதிவு மேசைக்கு, சாவு நடந்தபோது பக்கத்தில் இருந்த ஆள்தான் வேண்டும். கொழும்பில் இருக்கும் சொந்த மகன் அந்த மேசைக்கு உதவமாட்டான். முதுசச் சொத்துப் பார்க்கும் மேசைக்கு வந்தால் கதை மாறும். தலைமாட்டில் இருந்து தண்ணீர் பருக்கியவரை அங்கே யாரும் தேடுவதில்லை; வருடக்கணக்காக ஒரு கடிதமும் போடாத மகனைத்தான் தேடுவார்கள். நீதிமன்றத்தில் உறவினன் சாட்சி சொன்னால் உறவினன் என்பதற்காகவே அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அதே உறவினன் கையெழுத்து வைக்காவிட்டால் கத்தி வைக்க மாட்டார்கள். ஒரே மனிதன்தான், மேசைக்கு மேசை வேறு ஆள்.

என்னோடு கொஞ்சக் காலம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த நில அளவையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அது புதுமையாகப் படவில்லை. வாவிக்கரை ஆட்கள் அவரிடம் வந்து தங்கள் வளவு மேடா பள்ளமா என்று கேட்பதுண்டு. "எதிலயிருந்து?" என்று அவர் கேட்பார். வந்தவர்கள் முகம் சுழித்துக்கொண்டு போவார்கள். மாரி வெள்ளத்தில் வீடு தாழுமா என்பதுதான் பாவம் அவர்கள் கேட்டது. ஆனால் அவர் கேட்டதும் சரிதான். தன்னந்தனியாக நிற்கிற உயரம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கடலிலிருந்து இவ்வளவு, வாவியிலிருந்து இவ்வளவு என்றுதான் சொல்லலாம். அப்படியே, அண்ணன் என்று ஒருவன் சும்மா இருக்க முடியாது. யாருக்கு அண்ணன் என்று சொல்லியாக வேண்டும். நான் இங்கே எழுத வந்தது, நான் யாருக்கு மகன் என்பதைப் பற்றி. அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

நான் பிறந்த கிழமையே என் தாய் இறந்துபோனார். எங்கள் வீடு ஆரையம்பதியின் வடக்கு ஓரத்தில் இருந்தது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் காத்தான்குடி தொடங்கிவிடும். அந்த வேலியை ஒட்டி ஒரு நெசவுக்காரர் வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எனக்கு இரண்டு மாதம் முந்திப் பெண்குழந்தை பிறந்திருந்தது. இரண்டு வீட்டுப் பிரசவத்தையும் பார்த்தவர் ஒரே மருத்துவிச்சி. தாய் இல்லாத பிள்ளை இரண்டு நாளாகச் சீனித்தண்ணீரில் கிடந்து மெலிவதைப் பார்த்த அந்த மருத்துவிச்சி, யாரிடமும் கேட்காமல் என்னைத் துணியில் சுற்றி வேலிக்கு மேலால் நீட்டினாராம். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வாங்கிக்கொண்டனவாம். அதற்குப் பிறகு பால் மறக்கும்வரை நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. பேச்சு வந்தபோது நான் முதலில் சொன்ன சொல் 'உம்மா' என்று எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் சிரிக்க மாட்டார்கள்.

சிரிக்காதவர்களில் என் பெரியம்மா முதலாமவர். என் தாயின் மூத்த சகோதரி. பெண்வழியில் குடி வருவது எங்கள் பகுதி வழக்கம். தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடி. தாய் போய்விட்டால் தாயின் சகோதரிதான் தாய். இரண்டு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவர் அவர்தான். என் தகப்பனார் வேறு ஊரில் வேறு குடும்பம் எடுத்துப் போய்விட்டார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒன்றைத் தவிர: வேலிக்கு அப்பால் போய் வந்தால் கிணற்றடிக்குப் போய்த் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாளியை மட்டும் எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உம்மாவைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அங்கால வீட்டுப் பொம்புளை' என்பார். அதற்கு மேல் ஒரு முறைப்பெயரும் அவர் வாயில் வராது.

உம்மாவும் தன் பக்கத்து ஒழுங்கை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கென்று ஒரு தனிச் சட்டி வைத்திருந்தார். மாட்டிறைச்சி சமைக்கிற சட்டிகளோடு அது சேராது. மீனும் சோறும் அதிலே ஆக்கி, 'ஒங்கட வீட்டுக்குக் குத்தமில்லாத சோறு' என்று சொல்லித்தான் வைப்பார். தறியில் இருந்தபடியே என்னோடு கதைப்பார். நூல் அறுந்தால் என்னைத்தான் திட்டுவார், நான் அறுக்காவிட்டாலும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்குச் சுன்னத்து எப்போது என்று கேட்டுக் கேலி செய்வார்கள். நான் போய் உம்மாவிடம் முறையிட்டேன். அவர் தறியை நிறுத்தாமல், அவர்களுக்குத்தான் முதலில் செய்யவேண்டும், நாக்கில், என்று சொன்னார்.

என்னோடு பால் குடித்த அந்தப் பெண் எனக்கு இரண்டு மாதம் மூப்பு என்பதால் நான் அவரை ராத்தா என்பேன். அவர் பெரியவரான பிறகு வீட்டுக்கு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டு வாசலில் சீலை தொங்கத் தொடங்கியது. ஊரில் எந்த ஆணும், மாமன் மகன்கூட, அந்தச் சீலையைத் தாண்டிப் போக முடியாது. நான் போவேன். அதை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை.

கேள்வி வெளியிலிருந்து வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில், எங்களுக்குப் பதினாறு வயதளவில், ராத்தாவுக்கு ஓட்டமாவடியிலிருந்து மாப்பிள்ளை வந்தார், நெல் வியாபாரி. கல்யாணக் காவின் எழுதிய அடுத்த நாள் காலையில் அவர் உள்ளறைக்குள் வந்தபோது, அங்கே நெற்றியில் திருநீற்றோடு ஒருவன் உட்கார்ந்து, அவருடைய புதுப் பெண்ணிடம் இடியப்பம் வாங்கித் தின்றுகொண்டிருந்தான். நான்தான். அவர் வந்த வழியே திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் லெப்பையோடு திரும்பி வந்தார். லெப்பை வயதானவர், அமைதியானவர். வாசலில் நின்று, எத்தனை தரம் பால் கொடுத்தது என்று உம்மாவைக் கேட்டார். அவர்களுடைய மார்க்கத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை தடவைக்குக் குறைந்தால் உறவாகாது. அதற்கு மேற்பட்டால் பெற்ற பிள்ளை மாதிரி.

உம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "எத்தின தரமெண்டு எண்ணியா லெப்பை பால் குடுக்கிற? அழுதான், குடுத்தன். ஒரு பக்கம் என்ட மகள், ஒரு பக்கம் இவன். வருசம் ரெண்டு குடிச்சான்."

"அப்ப இவன் ஒன்ட மகன்தான்," என்றார் லெப்பை. "மார்க்கம் வேறதான். பால் உறவுக்கு அது தடையில்ல. ஒன்ட மகளப் பாக்கலாம், கதைக்கலாம். ஆனா கட்ட ஏலாது."

"அத இப்ப ஆரு கேட்ட?" என்றார் உம்மா. லெப்பையும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை என் எதிரில் வந்து உட்கார்ந்து, இடியப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அன்றிலிருந்து நாங்கள் மச்சான் மச்சான்தான்.

நான் இதையெல்லாம் இவ்வளவு விரித்து எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் காலை, உம்மா எனக்கு என்ன முறை என்பதை ஒருவர் முறைப்படி விசாரித்து முறைப்படி தீர்ப்புச் சொன்னார். விசாரணை நடந்த நேரம், ஒரு இடியப்பம் தின்னும் நேரம். என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு விரைவாக எந்தக் கோப்பும், எங்கள் பாஷையில் கோவை, முடிந்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நான் வாழைச்சேனைப் பக்கத்துக் காரியாதிகாரி கந்தோரில் இருந்தேன். அரிசி பங்கீட்டுக்கு வந்திருந்த நேரம். அரிசிக் கூப்பன் அலுமாரிச் சாவி என் பொறுப்பில். ஒரு காலை பத்து மணிபோல் தந்தி வந்தது. 'தாய் கடுமை, உடனே வரவும்.' அந்தக் காலத்துத் தந்திகள் செத்துப்போனதாக ஒருபோதும் சொல்வதில்லை. கடுமை என்றால் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். அவர்கள் வழக்கத்தில் அன்றைக்கே அடக்கமும் முடிந்துவிடும். அதற்கு முன் எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான், அந்த முகத்தை ஒருமுறை பார்ப்பது.

தலைமைக் கிளார்க் யாழ்ப்பாணத்தவர். நேர்மையான மனிதர், அதுதான் தொல்லை. அந்த நாட்களில் லீவு கிடைப்பது அரிது. ஆகவே எங்கள் கந்தோரில் தாய்மார் அடிக்கடி கடுமையாகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பியோன் தன் பாட்டியை மூன்று தரம் சாகக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு தந்தியையும் ஆளின் கோவையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மேலிடத்து உத்தரவு இருந்தது. அவர் என் கோவையை எடுத்துப் பார்த்தார். சேர்ந்த நாளில் நானே என் கையால் நிரப்பிக் கொடுத்த விவரம் அதில் இருந்தது.

"தாய் எண்டு தந்தி வந்திருக்கு. தாய் உயிரோடை இல்லையெண்டு நீர் எழுதித் தந்திருக்கிறீர்," என்றார். "ரெண்டிலை எது பொய்?"

"ரெண்டும் உண்மை ஐயா."

நான் விளக்கிச் சொன்னேன். மருத்துவிச்சி, வேலி, பால், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, மனவருத்தத்தோடுதான், "அப்ப அவ ஆயாவோ?" என்றார்.

அவர் அதை இழிவாகச் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தில் பால் கொடுக்கும் பெண்ணுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அவர் எனக்கு ஒரு இடம் தேடினார். ஆயாவுக்கு லீவு இல்லை என்பதும் அதே புத்தகத்தில் இருந்தது. தந்தியும் கோவையும் முரண்பட்டால் தீர்மானிக்க வேண்டியவர் காரியாதிகாரி. அவர் அன்று கிரான் பக்கத்து வயல்வட்டைகளைப் பார்க்கப் போயிருந்தார். பின்னேரம் வருவார், இருந்து கேட்டுவிட்டுப் போம் என்றார் தலைமைக் கிளார்க். தந்தியில் 'பெரியதாய்' என்று போட்டிருந்தால் அந்த நிமிடமே விட்டிருப்பார். என்னை வளர்த்தவர் பெரியதாய் என்று கோவையில் தெளிவாக இருந்தது.

நான் இருக்கவில்லை. ஆனால் ஓடிப்போனதையும் முறைப்படிதான் செய்தேன். அலுமாரியைத் திறந்து, கூப்பன் கட்டுகளை இரண்டாம் கிளார்க்குக்கு எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, சாவியைத் தலைமைக் கிளார்க்கின் மேசையில் வைத்தேன். கூப்பனைப் பொறுப்புக் கொடுக்காமல் போனால் அது குற்றவியல் வழக்கு; வேறு யாருடைய தலையிலாவது விழும். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே வந்தபோது ரெயில் போயிருந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் பஸ் ஓடுவது பேருக்குத்தான். விறகு ஏற்றிய லொறி ஒன்று என்னை ஏறாவூர் வரைக்கும் கொண்டுவந்து, அங்கே தானும் மூச்சை விட்டது.

ஏறாவூர்ச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பின் அறியாதவர். வாடகைச் சைக்கிள் எங்கே எடுக்கலாம் என்று அவரைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, ஆரு மவுத்து என்றார்.

"எனக்குப் பால் தந்த உம்மா. காத்தான்குடியில."

"அப்ப ஒங்கட உம்மாதானே," என்று சொல்லிச் சைக்கிளை என் கையில் கொடுத்தார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆனிமாதக் கச்சான் காற்று. வெயில் தணியவில்லை. தென்னந்தோப்புகளுக்கு ஊடாகப் போகும் அந்தத் தெருவில் சைக்கிளை மிதிக்க மிதிக்கக் காற்று பக்கவாட்டில் அடித்து மணலுக்குள் தள்ளியது. பட்டணம் வந்து, கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவி முழுவதும் சாய்ந்த வெயில். பாலத்தில் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கவும் மனம் வரவில்லை. காத்தான்குடிக்குள் நுழைந்தபோது மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். எதிரே ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கால்களில், முழங்காலுக்குக் கீழே, ஈரமணல் ஒட்டியிருந்தது. நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். அந்த மணலைப் பார்த்த பிறகு அவசரப்பட ஒன்றும் இல்லை.

மச்சான் அந்தக் கூட்டத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியில் ஒருமுறை சொன்னார்: "மதர் எண்டு போட்டா உடன விடுவாங்கெண்டு நெனச்சன் மச்சான். போஸ்ட் மாஸ்டர் வேற என்னமோ போடச் சொன்னாரு. நான் விடல்ல."

அந்தச் சொல்லால்தான் நான் பிந்தினேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர் சரியான சொல்லைத்தான் போட்டிருந்தார்.

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சீலைக்கு அப்பால் ஓதும் குரல் கேட்டது. நான் வாசலில் நின்றேன். ராத்தா எழுந்து வந்து, உள்ளே வா என்று சைகை செய்தார். தறி ஒரு பக்கம் பாய் போட்டு மூடியிருந்தது. அவர் அழுது முடித்திருந்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"பகல் லுஹருக்கே எடுக்க நிண்டாங்க. என்ட தம்பி ஒருத்தன் வரணும், முகம் பாக்கணுமெண்டு சொன்னன். லெப்பைர மகன்தான் இப்ப லெப்பை. அவரு, மகனெண்டா நிக்கத்தான் வேணுமெண்டு சொல்லிட்டாரு. பின்னேரம் அஸர் வரைக்கும் முகத்த மூடாம வெச்சிருந்தன். அதுக்குப் பொறகு ஏலாதெண்டுட்டாங்க."

நான் தலையாட்டினேன். அவர், உம்மாட வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது, நூல் அறுந்தா ஏசுறதுக்குத் திறக்கிற மாதிரி, என்றார். அது எனக்காகச் சொன்னது. முகத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அந்த முகத்தை நினைக்கப் பார்க்கும்போதெல்லாம், நான் பார்த்த முகங்கள் எதுவும் வருவதில்லை. அவர் சொன்ன அந்த முகந்தான் வருகிறது.

கந்தோர்க் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். திரும்பிப் போனபோது விளக்கம் கேட்டார்கள். தலைமைக் கிளார்க் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியதாய் எண்டு எழுதித் தாரும். தந்தி பிழைச்சுப் போச்சுதெண்டு முடிச்சுவிடுவம்," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கடதாசியை எடுத்துத் 'தாய்' என்று எழுதினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. பெரியம்மா உயிரோடு இருக்கும்போது அவரைச் சாகடித்து எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அனுமதியில்லாத வராமை என்று பதிந்தார்கள். பணிமூப்பில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் எனக்கு முன்னால் போனார். நான் இருந்த மேசை மாறவில்லை. செய்த வேலையும் மாறவில்லை. அவர் மேலே போனதால் நான் கீழே போனேன். எங்கள் நில அளவையாளர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அடக்கம் நடந்த அன்றிரவு நான் ராத்தா வீட்டிலேயே இருந்துவிட்டுக் காலையில் வேலியைச் சுற்றிப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். போய் வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வந்தார். நான் ஊற்றிக்கொண்டேன்.

ஊரில் அம்மன் கோயிற் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடிக்கு. எங்கள் குடியின் பூசை மறுநாள். அந்த ஆண்டு எங்கள் குடியின் சார்பில் முன்னுக்கு நின்று முதல் மரியாதை வாங்க வேண்டியவன் நான். பெரியம்மாவின் அண்ணன், அதாவது எனக்கு மாமன், முந்திய வருடம் இறந்துபோயிருந்தார். அவருக்குப் பின் எங்கள் வயிற்றுவாரில், அதாவது எங்கள் தாய்வழிக் கிளையில், மூத்த ஆண்பிள்ளை நானே. பெரியம்மாவுக்கு வேறு யாரும் இல்லை. நான் வேட்டி கட்டி அம்மன் முன்னால் நிற்பதைப் பார்ப்பதற்காக அவர் மாசிமாதத்திலிருந்தே காத்துக்கொண்டிருந்தார். அதற்கென்று நெய்வித்த வேட்டி பெட்டிக்குள் இருந்தது. எந்தத் தறியில் நெய்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் கோயிலுக்குப் போனேன், உள்ளே போகவில்லை. கோயிற் காரியம் பார்க்கும் வண்ணக்கரை வீதிக்குக் கூப்பிட்டு, எனக்குத் துடக்கு, நாளைக்கு நான் நிற்க முடியாது என்றேன். சாவு வீட்டுக்காரர் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அதைத்தான் நாங்கள் துடக்கு என்போம். அவருக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் குடியில் யாரும் சாகவில்லையே என்றார். விளங்கியதும், பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலிப் படலைக்குள் வந்து நின்று, பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் பேசினார்.

"அவ உனக்கு என்ன முறை? குடியில முறையா, கொண்டான் குடுத்தான் முறையா? துடக்கெண்டா இரத்தத்துக்கு. பால் குடிச்சதுக்கெல்லாம் துடக்குப் பாத்தா, மாடு செத்தாலும் நீ முப்பத்தொரு நாள் இருக்கணும்."

அவரோடு வந்திருந்த இருவர் சிரித்தார்கள். நல்ல பகிடிதான்; வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருக்கலாம். விதி அவர் பக்கம் இருந்தது. என் உத்தியோகத்தில் நான் எத்தனை பேரை இதே மாதிரி, இதைவிடப் பணிவான சொற்களால், திருப்பி அனுப்பியிருக்கிறேன்.  நிற்கமாட்டேன் என்பதை மட்டும் இன்னொரு தரம் சொன்னேன். அப்படியானால் குடி மரியாதை இந்த வருடம் எங்கள் வயிற்றுவாரை விட்டுப் போகும், ஒருமுறை போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்றார் அவர். என்னிடம் சொல்வதுபோல் சொன்னாலும் அவர் பார்த்தது சமையலறைப் பக்கத்தை. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெரியம்மா ஒன்று சொல்லியிருந்தால், அந்த நேரத்தில், நான் போயிருப்பேன். அவர் அதை அறியாதவர் அல்லர்.

அன்றிரவு அவர் எனக்குச் சோறு போட்டார். தான் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. வேட்டிப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது.

மறுநாள் எங்கள் குடிப் பூசை நடந்தது. பறைச் சத்தமும் குரவையும் வீட்டு முற்றத்துக்கே கேட்டது. வேறு வயிற்றுவாரைச் சேர்ந்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் நின்று மரியாதை வாங்கினான். பூசை முடிந்தால், குடியின் மூத்த பெண்ணின் வீட்டுக்குக் கோயிலிலிருந்து பங்கு வரும். பொங்கல், பழம், மடைக்கு வைத்த தேங்காய், வெற்றிலை. முன்னுக்கு நின்றவன் யாராக இருந்தாலும் அது மூத்த பெண்ணுக்குத்தான். பெரியம்மாவின் தாய்க்கு வந்தது, பிறகு இவருக்கு வந்தது. ஒரு வருடமும் தப்பியதில்லை. அதைப் படலையில் நின்று இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு உயர்த்தித்தான் அவர் உள்ளே கொண்டுவருவார். அன்றைக்கு அவர் வாங்கமாட்டார் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. துடக்கு என்னுடையது. அவரைக் கேட்டு நான் அதைச் சொல்லவில்லை.

கோயிற் பணிக்காரர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியம்மா எழுந்து படலைக்குப் போனார். படலையைத் திறக்கவில்லை.

"இஞ்ச துடக்கு," என்றார். "கொண்டு போங்க."

பணிக்காரர் குழம்பிப்போனார். அவர் வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்தவர். ஊர்க் கதை தெரியாது. செத்தது ஆர் என்பதை மரியாதையாக, ஆர் மோசம் போனது என்று கேட்டார்.

பெரியம்மா படலையைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு சொல் தயாராக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அவர் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

"எங்கட புள்ளைர தாய்," என்றார்.

பணிக்காரர் தாம்பாளத்தோடு திரும்பிப் போனார். பெரியம்மா முற்றத்தைக் கடந்து, என்னைப் பாராமலே, கிணற்றடிக்குப் போனார். இந்த முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டது அவர், தன் தலையில். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முப்பத்தோராம் நாள் வரை அவரும் கோயில் வாசல் மிதிக்கவில்லை. குடி மரியாதை எங்கள் வயிற்றுவாருக்குத் திரும்பி வரவும் இல்லை.